உளவாளிக்கு ஒரு பின்னணி இசை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றுக்காக பட்டர்வொர்த்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். உளவுப் படம், அதற்கு இசை, அதைப் பற்றி ஒரு கருத்தரங்கா என்று. ஆனால் ஒற்றர்களைப் பற்றிப் பேசுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. திருக்குறளில் 59ஆவது அதிகாரத்துக்கு ஒற்றாடல் என்றே பெயர். பத்துக் குறளும் உளவு வேலையைப் பற்றியவை. நல்ல ஒற்றனுக்கு வள்ளுவர் மூன்று தகுதிகள் சொல்கிறார். பார்ப்பவர் ஐயப்படாத தோற்றம் வேண்டும். யார் உற்றுப் பார்த்தாலும் அஞ்சாத நெஞ்சம் வேண்டும். எந்த நிலையிலும் உள்ளே இருப்பதை வெளியே விடாத உறுதி வேண்டும்.

இந்த மூன்று தகுதிகளும் உளவுப் படத்தின் பின்னணி இசைக்கும் வேண்டும். பாட்டு, ‘என்னைக் கேள்’ என்று முன்னால் வந்து நிற்கும். பின்னணி இசை அப்படி நிற்கக் கூடாது. அது வேலை செய்வது ரசிகனுக்கே தெரியக் கூடாது. படம் முடிந்து வெளியே வருபவரிடம், ‘அந்தக் காட்சியில் என்ன வாத்தியம் வாசித்தார்கள்?’ என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் அவருடைய நெஞ்சு படபடத்திருக்கும்.

ஒரே காட்சி, மூன்று கதை

ஓர் எளிய எடுத்துக்காட்டு. பட்டர்வொர்த் படகுத்துறையில் ஒருவர் கையில் பையோடு ஃபெரி ஏறுகிறார். மேல் தட்டில் நின்று ஜார்ஜ்டவுன் கரையைப் பார்க்கிறார். வசனம் இல்லை. முப்பது நொடிக் காட்சி.

இதற்கு நாதஸ்வரம் வாசித்தால் அவர் தங்கை கல்யாணத்துக்குப் போகிறார். புல்லாங்குழலும் வயலினும் வாசித்தால் யாரையோ பிரிந்து போகிறார். கீழ் சுருதியில் ஒரே ஒரு சுரத்தை விட்டு விட்டு வாசித்தால், நம் கண் உடனே அந்தப் பையின் மேல் போகிறது. பைக்குள் என்ன இருக்கிறது? பின்னால் நிற்பவர் யார்? காட்சி மாறவில்லை, நடிப்பும் மாறவில்லை. ஆனாலும் கதை மூன்றாகி விட்டது.

உளவுப் படத்தில் இசையமைப்பாளருக்குள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குடும்பப் படத்தில் தாய் அழுதால் இசையும் அழலாம். உளவுப் படத்தில் நல்லவனாக வருபவன் கடைசியில் துரோகி என்று தெரிய வரும். அவன் முதல் முறை திரையில் வரும்போதே உருட்டும் மிரட்டும் இசை போட்டால், கதாசிரியர் இரண்டு மணி நேரம் கட்டிக் காத்த ரகசியம் அந்த இடத்திலேயே போய் விடும். எதுவுமே போடாமல் விட்டாலோ, கடைசியில் உண்மை தெரியும்போது ரசிகன் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான். சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும். ஒற்றன் வேலைதான் இது.

ஐந்து தட்டும் இரண்டு தைவதமும்

உலகம் முழுதும் தெரிந்த இரண்டு உளவு இசைகளைப் பார்ப்போம். முதலாவது ஜேம்ஸ் பாண்ட் இசை. 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் தொடங்கி இன்று வரை அது தொடர்கிறது. அதன் அடியில் ஊர்ந்து போகும் நான்கு சுரங்களை நம் முறைப்படி சொன்னால், பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மறுபடியும் சுத்த தைவதம். ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் மூன்றையும் தொட்டுத் திரும்புவதுதான்.

கர்நாடக இசையில் இப்படி மூன்றும் நெருக்கி வந்தால் அதை விவாதி என்பார்கள். 72 மேளகர்த்தா ராகங்களில் 40 ராகங்கள் விவாதிச் சேர்க்கை உள்ளவை. அவற்றை அமைதி தராத ராகங்கள் என்று ஒதுக்கிய வித்துவான்கள் உண்டு. அந்த அமைதியின்மைதான் உளவாளிக்குத் தேவை. எங்கேயோ ஏதோ சரியில்லை என்று காது உணர்கிறது. எது என்று மூளைக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, 1966இல் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்காக அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் அமைத்த இசை. மேற்கத்திய வெகுசன இசை பெரும்பாலும் நான்கு தட்டில் நடக்கும். இது ஐந்து தட்டில் நடக்கிறது. மிருதங்கம் கற்ற பிள்ளைகளிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: தகிட, தகிட, தக, தக. மொத்தம் பத்து. ஐந்தின் இரட்டிப்பு. நான்குக்குப் பழகிய கால் ஒவ்வொரு முறையும் தடுக்கி முன்னால் விழுகிறது. யாரோ துரத்துவது போன்ற பதற்றம் அந்தத் தடுமாற்றத்தால் வருவது. 1996இல் இது திரைப்படமானபோது, வெளியிட்ட ஒரு வடிவத்தில் அதை நான்கு தட்டாக மாற்றினார்கள். ஆட வசதியாக இருந்தது. பழைய தடுக்கல் மட்டும் அதில் இல்லை.

ஆக, இந்த இசைகளின் அடிப்படை நமக்கு அந்நியமானதல்ல. நம் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் கற்கிற பாடத்திலேயே அது இருக்கிறது.

கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த மெட்டு

பாண்ட் இசையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இந்த மண்ணில் நின்று அதைச் சொல்வது பொருத்தம்.

அந்த மெட்டை அமைத்தவர் மான்டி நார்மன். அதை வாத்தியக் குழுவுக்கு ஏற்ப விரித்து, இன்று நாம் கேட்கும் கம்பீரத்தைக் கொடுத்தவர் ஜான் பேரி. ஆனால் மெட்டு பாண்டுக்காகப் பிறந்ததல்ல. வி. எஸ். நைபால் 1961இல் எழுதிய நாவல் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’. டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியத் தொழிலாளர் வம்சத்துக் கதை. அதை இசை நாடகமாக்க ஒரு முயற்சி நடந்தது. அதற்காக, தான் பிறந்த வேளையின் துரதிர்ஷ்டத்தைச் சொல்லிப் புலம்பும் ஓர் இந்தியனின் பாட்டை நார்மன் அமைத்தார். நாடகம் மேடை ஏறவில்லை. பாட்டு மேசை அறையில் கிடந்தது. பாண்ட் படம் வந்தபோது அதை எடுத்து, சுரங்களை வெட்டி வெட்டி, கிதாருக்குக் கொடுத்தார்.

பட்டர்வொர்த் அடங்கிய இந்த செபராங் பிறை, அந்நாள் புரோவின்ஸ் வெல்லெஸ்லி, 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த பூமி. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அந்தக் கரும்பை வெட்டத்தான். உலகத்தின் மிகப் பெரிய உளவாளிக்கு அடையாளமாகிப் போன மெட்டு, நம்மைப் போலவே கடல் கடந்த ஒரு கரும்புத் தோட்டத்து மனிதனின் புலம்பலாகப் பிறந்தது. படம் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த இசையை யார் அமைத்தார் என்ற சர்ச்சையும் நீண்ட நாள் ஓடியது. உண்மையில் அமைத்தவர் ஜான் பேரிதான் என்று ஓர் ஆங்கில ஏடு எழுதியது. நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 30,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. நார்மன் 2022இல் காலமானார். எண்பதைத் தாண்டியும் தம் மெட்டின் பெயரில் தம் பெயர் இருந்ததைப் பார்த்து விட்டுத்தான் போனார்.

ஆனால் அந்த கிதாரை வாசித்தவர்? விக் ஃப்ளிக் என்ற ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர். 1962இல் வாசித்தார், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டார், போனார். உலகம் முழுவதும் அவர் விரல் எழுப்பிய ஒலியை முணுமுணுத்தது. அவர் பெயரை முணுமுணுக்கவில்லை. 2024இல் அவர் மறைந்தபோதுதான் பலர் அந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தார்கள்.

தமிழ்த் திரையின் உளவாளிகள்

பாண்ட் அலை தமிழுக்கு வர நீண்ட நாள் ஆகவில்லை. 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘வல்லவன் ஒருவன்’ படத்தை வெளியிட்டது. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார். இசை வேதா. இந்திப் பட மெட்டுகளைத் தமிழுக்கு ஏற்ப மாற்றித் தருவது அந்த நிறுவனத்தில் அவர் செய்த வேலையின் பெரும் பகுதி. அதனால் அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் கிதாரும் பாங்கோவும் டிரம்ஸும் சேர்ந்த ஒரு நகரத்து இரவின் ஓசையைத் தமிழ் ரசிகன் காதுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1968இல் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’ ஆக வந்தார். இசை மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதன். 1969இல் சிவாஜி ‘தங்கச்சுரங்கம்’ படத்தில் துப்பறிந்தார். இசை டி. கே. ராமமூர்த்தி. இரட்டையராக இருந்து பிரிந்த இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆளுக்கு ஒரு துப்பறியும் படத்துக்கு இசை தந்தார்கள்.

நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. அதே 1966இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் ‘கெராக் கிலாட்’ உருவானது. ஜின்ஸ் சம்சுடின் ஜெஃப்ரி ஜைன் என்ற மலாய் உளவாளியாக நடித்தார். தொடர்ந்து மேலும் இரண்டு படங்கள் வந்தன. இதே கூடத்தில்தான் 1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி பாடகராக, நடிகராக, இசையமைப்பாளராக வளர்ந்தார். 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். திரையும் இசையும் இந்த நாட்டில் யார் யார் கை கோத்து வளர்ந்தன என்பதற்கு அது சான்று.

1986: கணினி வந்த ஆண்டு

தமிழில் உளவுப் பட இசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1986இல் வந்த ‘விக்ரம்’. கமல்ஹாசன் தயாரிப்பு, ராஜசேகர் இயக்கம். கதை சுஜாதா. அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். கடத்தப்பட்ட ஏவுகணை, அதை இயக்கும் கணினி என்று தமிழ்த் திரைக்குப் புதிய கதை. இசை இளையராஜா.

கிராமத்து மண்வாசனையோடு 1976இல் ‘அன்னக்கிளி’யில் நுழைந்தவரிடம் பத்தே ஆண்டில் ஏவுகணைக் கதையைக் கொடுத்தார்கள். அவர் முகப்புப் பாட்டுக்கு மின்னணுத் தாளத்தையும் இயந்திரம் பேசுவது போன்ற ஒலியையும் எடுத்தார். கமலையே பாட வைத்தார். நாயகனின் பெயரே பல்லவியானது. அதே ஆண்டு வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையிலும் கணினியைப் பயன்படுத்தினார். ஆனால் ‘விக்ரம்’ முழுக்க இயந்திரம் இல்லை. அதே படத்தில் மனிதக் குரலும் வயலினும் குழையும் மெல்லிய காதல் பாட்டுகள் இருக்கின்றன. நாயகனின் தொழிலுக்கு இயந்திரம், நாயகனின் மனத்துக்கு வாத்தியம் என்று பிரித்துக் கொடுத்தது போல இருக்கிறது.

கூடத்துக்குள் நடப்பது

பின்னணி இசையை அந்நாளில் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படம் ஆயிரம் அடிச் சுருள்களாக வரும். ஒரு சுருள் ஏறத்தாழ 11 நிமிடம். திரையில் சுருள் ஓடும். இசையமைப்பாளர் பார்ப்பார். இளையராஜா காட்சியைப் பார்த்த கையோடு அங்கேயே உட்கார்ந்து மேற்கத்திய இசைக் குறியீட்டில் எழுதித் தருவார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. கலைஞர்கள் தத்தம் பகுதியைப் படி எடுத்துக்கொள்வார்கள். மீண்டும் சுருள் ஓடும். வயலின்காரர்கள், குழல், கிதார், தபலா எல்லோரும் ஒரே நேரத்தில் திரையோடு சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து.

இதில் கணக்கும் உண்டு. படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. நிமிடத்துக்கு 1,440. பன்னிரண்டு சட்டத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. காட்சி தொடங்கி 18ஆவது நொடியில் கதவு திறக்கிறது என்றால் 36 தட்டுக் கழிந்திருக்கும். இருபத்து மூன்றரை நொடியில் துப்பாக்கி தெரிகிறது என்றால் 47 தட்டு. அந்த இடத்தில் இசை சரியாகப் போய் நிற்க வேண்டும். அரை நொடி முந்தினால் ரகசியம் போச்சு. அரை நொடி பிந்தினால் சிரிப்பாகி விடும்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர், 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாட்டில், டி. எம். சௌந்தரராஜன் பாட, எம்.எஸ்.வி. கை அசைத்து வாத்தியக் குழுவை நடத்துகிறார். வாசிப்பவர்களின் முகங்களும் அதில் தெரிகின்றன. தமிழ்த் திரையில் அவர்களுக்குக் கிடைத்த அரிய மரியாதைகளில் அது ஒன்று.

இன்று நிலைமை வேறு. ஒரு அறை, ஒரு கணினி, ஒரு விசைப்பலகை. அறுபது வயலின்களின் ஒலி பெட்டிக்குள் இருக்கிறது. உயிருள்ள கலைஞர் தேவைப்பட்டால் ஒருவர் வந்து தம் பகுதியை மட்டும் வாசித்து விட்டுப் போவார். மற்றவர் யார் என்றே அவருக்குத் தெரியாது. 2007இல் மலேசியாவில் படமான ‘பில்லா’வில் யுவன் சங்கர் ராஜாவும், 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தில் சங்கர், எஹசான், லாய் மூவரும், 2022இல் புதிய ‘விக்ரம்’ படத்தில் அனிருத்தும் தந்தது கணினிக் காலத்து இசை. நன்றாகவே இருக்கிறது. அதிலும் ‘விஸ்வரூப’த்தில் சாதுவான கதக் ஆசிரியர் சில நொடிகளில் வேறு மனிதராக மாறும் இடம், எவ்வளவு நேரம் அடக்கி வைத்தால் இசை எப்படி வெடிக்கும் என்பதற்குப் பாடம். கணினியைக் குறை சொல்வதற்கில்லை. அதைக் கையில் வைத்திருப்பவரின் காதுதான் முக்கியம்.

பெயர் மறைப்பது ஒற்றனுக்கு அழகு, கலைஞனுக்கு அல்ல

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களும் டெலிமூவிகளும் குறும்படங்களும் வருகின்றன. துப்பறியும் கதைகளும் அவற்றில் உண்டு. பல வேளைகளில் அவற்றுக்கு என்ன இசை போடுகிறார்கள்? கோலிவுட் படத்துத் துண்டு, அல்லது விலைக்கு வாங்கிய ஆயத்த இசை. பட்டர்வொர்த் தெருவில் ஓடுகிற கதாநாயகனுக்குப் பின்னால் ஹாலிவுட் ஓடுகிறது.

இங்கே ஓசைக்குப் பஞ்சமா? தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தல் அருகே நின்று பாருங்கள். உறுமியின் தோலில் வளைந்த குச்சி உரசும்போது எழுகிற அந்த முனகல், எந்த வெளிநாட்டு வாத்தியத்துக்கும் இளைத்ததல்ல. வேகத்தைக் குறைத்து, ஒற்றை உறுமியை இருட்டுக் காட்சியில் வைத்துப் பார்க்கட்டும். ஃபெரியின் சங்கொலி இருக்கிறது. பிறை ரயில் தண்டவாளத்தின் தாளம் இருக்கிறது. பள்ளிவாசல் பாங்கும், சீனக் கோயில் மணியும், மாரியம்மன் கோயில் உடுக்கையும் ஒரே தெருவில் கேட்கிற ஊர் இது. இந்த ஓசைகளைக் கொண்டு இசை அமைத்தால், அந்தப் படம் எந்த ஊரில் நடக்கிறது என்று கண்ணை மூடிக் கொண்டே சொல்லலாம்.

அதைச் செய்யக்கூடிய இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? ‘தம்பி, ஒரு வாரத்தில் முடித்துக் கொடு, பெயர் போடுகிறோம்’ என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. எழுத்தில் ஒன்றும் இருக்காது. நாடகம் மறு ஒளிபரப்பாகும். வேறொரு நாடகத்தில் அதே இசை வரும். தம்பிக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தயங்குவார். கேட்டால் அடுத்த வாய்ப்பு வராது என்ற பயம்.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இசையும் அதன் பாதுகாப்பில் வருகிறது. படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. இந்தியாவிலும் 2012இல் சட்டத்தைத் திருத்தி, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கை முழுதாக எழுதிக் கொடுத்து விட முடியாதபடி செய்தார்கள். சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

மூன்று காரியங்கள் செய்தால் போதும். ஒன்று, சிறிய நாடகமானாலும் இசையமைப்பாளரோடு ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுத வேண்டும். எத்தனை முறை ஒளிபரப்பலாம், வேறு இடத்தில் பயன்படுத்தலாமா என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டு, எந்தக் காட்சியில் எத்தனை நொடி இசை வருகிறது, யார் அமைத்தது என்ற பட்டியலை ஒவ்வொரு படத்துக்கும் தயாரிக்க வேண்டும். வெளிநாடுகளில் ராயல்டி கணக்கிடுவது அந்தப் பட்டியலை வைத்துத்தான். மூன்று, வாசித்தவர்கள் அனைவரின் பெயரும் படத்தின் முடிவில் வர வேண்டும். உறுமி வாசித்த பையனின் பெயரும் வர வேண்டும். அதற்குப் பத்து நொடி கூடச் செலவாகாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஏதோ தட்டிக் கொண்டிருக்கிறான் என்று கோபப்படும் முன், காதில் மாட்டியிருப்பதை வாங்கி ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மிருதங்க வகுப்பை எஸ்.பி.எம். தேர்வுக்காக நிறுத்தி விடாதீர்கள். தகிட தகிட தக தக என்ற பாடம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒற்றன் தன் பெயரை மறைத்தே வாழ வேண்டும். அது அவன் தொழில். அவனுக்கு இசை தந்தவர்களும் கம்பியை மீட்டியவர்களும் தோலைத் தட்டியவர்களும் பெயரில்லாமல் போக வேண்டும் என்று எந்த நூலிலும் எழுதவில்லை. அடுத்த முறை படம் முடிந்ததும் எழுந்து விடாமல், பெயர்கள் ஓடி முடியும் வரை இரண்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள்.